பூச்சி மாத்திரை

"போடு பத்மா. என் கண்ணு முன்னாடியே முழுங்கு."

ஒரு கையில் மாத்திரை, ஒரு கையில் டம்ளர். சமையலறை வாசலை மறித்துக்கொண்டு நின்றாள் ராதிகா.

பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த பத்மா திரும்பவே இல்லை.

"எனக்கு வேணாங்க்கா."

காலையில் மகள் வர்ஷாவுக்கு மலத்தோடு நீளமாக ஒரு புழு வந்து விழுந்திருந்தது. பதறியடித்துக்கொண்டு டாக்டரிடம் ஓடினாள் ராதிகா. "குடல்புழுதாம்மா, பயப்படாதீங்க. வீட்ல எல்லாரும் மாத்திரை போட்டுக்குங்க" என்றார் அவர்.

ஆபீசுக்கு லீவு சொல்லி, மேனேஜரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு, குழந்தைக்கு நகம் வெட்டி, பாத்ரூமைத் தேய்த்துக் கழுவி... ராதிகாவுக்கு இடுப்பே விட்டுப்போயிருந்தது. இதில் இவள் வேறு.

"நானும் போட்டாச்சு, அவரும் போட்டாச்சு. சமைக்கிறது நீ. உனக்கு மட்டும் என்ன?"

"எங்க ஊட்ல யாருக்கும் பூச்சி கீச்சி கெடையாதுக்கா."

"உள்ள இருக்கறது உனக்கு எப்படித் தெரியும்? கொஞ்ச நாளா முகமெல்லாம் வெளுத்துக் கிடக்கு. நின்ன இடத்துலயே தூங்கி வழியற. பூச்சி இருந்தா அப்படித்தான்."

"நூம்பல்லேந்து அம்மாந்தூரம் நடந்து வரேன்ல, அசதிக்கா."

"ஒரு மாத்திரைக்கு இவ்ளோ அடமா? உன் கையாலதான் என் குழந்தைக்கு வந்திருக்கும். போடு. இல்லாட்டி நாளைக்கு வேலைக்கு வராத."

பத்மா கையைக் கழுவினாள். மாத்திரையை வாங்கினாள். வாய்வரை கொண்டுபோனவள், அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"முடியலக்கா. வயித்துல புள்ள கீது. கேக்காம எந்த மாத்திரையும் போடாதன்னு நர்ஸம்மா சொல்லிகீறாங்க."

வெடுக்கென்று மாத்திரையைப் பிடுங்கினாள் ராதிகா.

"அடிப்பாவி! முழுங்கித் தொலைச்சிருந்தா? இதை முதல்லயே சொல்றதுக்கென்ன? நான் என்ன ராட்சசியா?"

பத்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அவள் குரலில் கோபம்கூட இல்லை. களைப்புதான் இருந்தது.

"எனக்கு முன்னாடி இங்க வேலை செஞ்ச மங்களம், மாசமா கீறேன்னு சொன்ன அன்னிக்கே நிறுத்திட்டீங்களேக்கா... அவ என் நாத்தனாருதான்."