ஏசி அறை விளக்கு

அயர்ன் செக்‌ஷனில் கனகா மயங்கி விழுந்தபோதும் விளக்கு மஞ்சளாகத்தான் எரிந்துகொண்டிருந்தது. பனியன் கம்பெனிகளுக்கு இப்போது அந்த விளக்குதான் சட்டம். சூடு ஏற ஏற அதற்குள் இருக்கும் குறைகடத்தியின் ஆற்றல் இடைவெளி சுருங்கும், ஒளி சிவக்கும். சிவந்தால் வேலையை நிறுத்தியாக வேண்டும். மேனேஜர் சபாபதி அதைத் தன் ஏசி அறைக்குள், கண்ணாடி வழியாக எல்லோருக்கும் தெரியும்படி மாட்டியிருந்தார்.

கனகாவை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு, பக்கத்து மேசையில் இஸ்திரி போடும் மயிலாத்தா நேராக அந்த அறைக்குள் போனாள். விளக்கைக் கழற்றிக்கொண்டு வந்து, கனகா நின்ற மேசைக்கு மேலே மாட்டினாள். நீராவியில் அது மெல்ல மெல்லச் சிவந்தது.

“எடுத்த எடத்துலயே கொண்டுபோய் வையி!” சபாபதி கத்திக்கொண்டே பின்னால் ஓடிவந்தார்.

“நீங்களே எடுத்துட்டுப் போங்க சார். உங்க ரூமுக்குப் போய் ஆறுற வரைக்கும் அது செவப்பாத்தான் இருக்குமுங்க. நாங்க எல்லாரும் பாத்துட்டே நிக்கறமுங்க.”

அவர் கையை நீட்டினார். சுற்றிலும் பெண்கள் ஒவ்வொருவராக இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு அவர் பக்கம் திரும்பினார்கள்.

நீட்டிய கை வேர்த்து வழிந்தது. விளக்கைத் தொடவில்லை.