இருபத்தோராம் நாள் மாம்பழம்

"இன்னும் எத்தின நாளைக்கு இது கெடாம இரிக்கும் மகள்?"

பெட்டியைத் திறந்துகொண்டிருந்த உசாந்தினி நிமிர்ந்தாள். கேட்டவள் அந்தக் கல்முனை வீட்டுக்காரி ஸகியா.

உசாந்தினிக்கு ஒலுவில் பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் வேலை. ஸகியாவின் மரத்து மாங்காய்களை இரண்டு பெட்டிகளில் அடுக்கி இந்த வீட்டிலேயே வைத்திருந்தாள். ஒன்றில் வெறும் தாள். மற்றதில் பழம் கெடாமல் காக்க நனோத் துகள் பூசிய தாள். முதல் பெட்டி ஒன்பதாம் நாளே நாறிப்போனது. இன்று இருபத்தோராம் நாள். நனோப் பெட்டியில் ஆறு பழங்கள் தோல்கூடச் சுருங்காமல் கிடந்தன. அவற்றை வெட்டிச் சோதிக்க எடுத்துப்போகத்தான் வந்திருந்தாள்.

"மிஞ்சினா நாலஞ்சு நாள் ராத்தா."

"அது காணா." ஸகியா ஒரு பழத்தை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள். "ரெண்ட விட்டுட்டுப் போங்க மகள். என்ட மகன் பஸாலுக்கு இந்தப் பழமெண்டா உசிரு. மூணு வரிசமா அவன் வருவான் வருவான் எண்டு எடுத்து வெச்சு, எல்லாம் அழுகித்தான் போகுது."

உசாந்தினிக்குத் தம்பி துசாந்தின் நினைவு வந்தது. கட்டாருக்குப் போய் நாலு வருடம். அவனுக்குப் பிடித்த இறால் பொரிக்கும் நாளெல்லாம் அம்மா சாப்பிடாமல் எழுந்துவிடுவாள்.

"என்ட தம்பியும் அப்பிடித்தான் ராத்தா. லீவு குடுக்கிறாங்க இல்ல. உங்கட மகன் போனாவது எடுக்கிறவரா?"

"இல்ல. அவனுக்கும் வாப்பாக்கும் ஒரு வார்த்த வந்துட்டு. அண்டைக்குப் போனவன். நானும் அவனோட கதைக்கக் கூடா எண்டு இவர் சத்தியம் வாங்கிட்டார். அவனா வந்து வாப்பாக்கு ஒரு சலாம் சொன்னாக் காணும், எல்லாம் சரியாகிடும். அவனும் ரோசக்காரன், வாறானில்ல."

 உசாந்தினி குறிப்புப் புத்தகத்தில், 'சோதனைக்கு நான்கு' என்று எழுதினாள்.

"ரெண்டும் இங்க இருக்கட்டும் ராத்தா. இல்லாட்டி ஒண்டு செய்வம். வெள்ளிக்கிழம எங்கட ஆள் ஒராள் கட்டார் போறார். இந்தத் தாளோட சுத்தினாப் போய்ச் சேருமட்டும் பழுதாகாது. மகனும் அந்தப் பக்கம்தானே? அட்ரஸச் சொல்லுங்க."

ஸகியா அவளையே பார்த்தாள். பிறகு கையைப் பிடித்துச் சமையலறைக்கு அழைத்துப்போய், பின்கதவைச் சத்தமில்லாமல் திறந்தாள்.

பின்மதிலுக்கு அப்பால், அடுத்த வீட்டு மொட்டைமாடியில், ஒரு வாலிபன் குழந்தைச் சட்டைகளை ஒவ்வொன்றாகக் கொடியில் காயப்போட்டுக்கொண்டிருந்தான்.

"அந்தா, அவன்தான் பஸால்," என்றாள் ஸகியா, அவனுக்குக் கேட்டுவிடாத குரலில்.