மூன்றாவது டம்ளர்

"முக்கால் லிட்டர் பால் இருக்கு. கால் லிட்டர் டம்ளர்ல ஊத்தினா எத்தனை டம்ளர் வரும்? சொல்லுக்கா."

அம்மாவின் சமையலறை மேசையில் தங்கை வினாத்தாள் எழுதிக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். நாளைக்குக் கொடுத்தாக வேண்டும். அக்கா தரையில் உட்கார்ந்து, பாத்திரங்களைச் செய்தித்தாளில் சுற்றிப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். அம்மா போய் ஒரு மாதமாகிறது. சாயங்காலத்துக்குள் வீட்டைக் காலி செய்து சாவியைக் கொடுக்க வேண்டும்.

"மூணு," என்றாள் அக்கா, நிமிராமல். "உனக்குத் தெரியாததா? தினம் மூணு டம்ளர் குடிச்சவதானே நீ."

தங்கை பேனாவை மூடினாள். "என்னக்கா சொல்றே?"

"எனக்கு ஒண்ணு, உனக்கு மூணு. அம்மாவுக்கு யாரு செல்லம்னு அதுலயே தெரிஞ்சு போச்சு."

அக்கா இதைப் புருஷனிடம் சொல்லியிருக்கிறாள். தன் தையல்கடைப் பெண்களிடம் சொல்லியிருக்கிறாள். தங்கையிடம் சொல்வது இதுதான் முதல் தடவை.

சின்ன வயதில் அக்கா தன் டம்ளரை ஒரே மூச்சில் காலி செய்துவிட்டுப் பள்ளிக்கு ஓடுவாள். வாசலில் செருப்பு மாட்டும்போது உள்ளேயிருந்து அம்மாவின் குரல் கேட்கும். இதோ ரெண்டாவது, கண்ணு. இதோ மூணாவது. அந்தக் 'கண்ணு'வில் அவளுக்கு வயிறு பற்றி எரியும். பிறகு தங்கைக்கு வேலை கிடைத்தபோதும், அவள் வீடு கட்டியபோதும், மூணு டம்ளர் குடிச்ச உடம்பாச்சே என்றுதான் முணுமுணுத்தாள். நெருப்பு அணையவே இல்லை.

தங்கை எழுந்து வந்து பெட்டிக்குள் கையை விட்டாள். இரண்டு டம்ளர்களைச் சுற்றியிருந்த தாளைப் பிரித்தாள். ஒன்று அக்காவுடையது, விளிம்பு நசுங்கிய பெரிய டம்ளர். இன்னொன்று தங்கையின் குட்டி டம்ளர்.

"குட்டியில தண்ணி பிடிச்சு இதுல ஊத்துக்கா."

அக்கா வேண்டாவெறுப்பாக ஊற்றினாள். ஒன்று. இரண்டு. மூன்று. பெரிய டம்ளர் நிறையவில்லை. நான்காவதை ஊற்றியபோதுதான் தண்ணீர் விளிம்பைத் தொட்டது.

கடையில் யாராவது மூன்று துண்டு துணி என்றால், ஒவ்வொன்றும் எவ்வளவு நீளம் என்று கேட்காமல் கத்தரியைத் தொடாதவள் அவள். இதில் மட்டும் வெறும் எண்ணிக்கையைக் கட்டிக்கொண்டு காலம் தள்ளியிருக்கிறாள்.

"அப்போ உனக்கு முக்கால் டம்ளர்தானா?"

"முக்கால்தான். அதைக் காலால வகுத்தா மூணு. என் கிளாஸ் பிள்ளைங்களும் இங்கேதான் முழிப்பாங்க. வகுத்தா குறையணுமே டீச்சர், எப்படிக் கூடுச்சும்பாங்க. பால் கூடலடா, அளக்கிற டம்ளர்தான் சின்னதும்பேன்."

அக்கா சுவரில் சாய்ந்துகொண்டாள். அப்படியென்றால் அம்மா கூடுதலாக ஊற்றியது அக்காவுக்குத்தான். அம்மா இருந்தபோது ஒரு தடவை அளந்து பார்த்திருக்கலாம்.

தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு, வயிற்றெரிச்சலில் எவ்வளவோ கரித்துக்கொட்டியிருக்கிறேன் என்றாள். "பாவம்டி நீ. ஒண்ணும் தெரியாம குடிச்சிட்டிருந்திருக்கே."

"தெரியாமலா?" தங்கை குட்டி டம்ளரைப் புடவைத் தலைப்பில் துடைத்தாள். "முதல்ல எனக்கும் பெரிய டம்ளர்தான். நீ ரொம்ப தூரம் நடந்து போறவன்னு அம்மா உனக்கு முழுசா ஊத்துவாங்க. அவளுக்கு மட்டும் நிறைய, எனக்கு மட்டும் குறையவான்னு தினம் தரையில புரண்டு அழுவேன். பொறுக்க முடியாமத்தான் இந்தக் குட்டியை வாங்கிட்டு வந்து, 'இப்பப் பாரு, அவளுக்கு ஒண்ணு, உனக்கு மூணு'ன்னாங்க."

அக்கா அந்தக் குட்டி டம்ளரை வாங்கித் திருப்பிப் பார்த்தாள்.

"வாசல்ல நிக்கிற உன் காதுல விழற மாதிரி சத்தமா எண்ணினாதான் குடிப்பேன்னு அடம் பிடிச்சது நான்தான்க்கா."