இரும்புத் தொட்டில்

"நிறுத்தப் போறீங்களா இல்லையா?"

மாமனார் தெருவில் நின்று போட்ட சத்தத்தில் எதிர்வரிசை ஜன்னல்கள் எல்லாம் திறந்துகொண்டன.

பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பின்படிக்கட்டில் தொங்குகிறவனுக்கும் கேட்கிற மாதிரி கத்திப் பழகிய தொண்டை. இடுப்பில் பேத்தி. பேத்தியின் காதை மூடி ஒரு கம்பளிக் குல்லா.

ஷெட்டுக்குள் மருமகள் டிரம்ஸ் குச்சிகளை மடியில் போட்டுக்கொண்டாள். முகம் தொங்கிப் போயிற்று.

"பிள்ளை பெத்தவ செய்யற காரியமா இது? டமார் டமார்னு! இந்தத் தடியன் என்னடான்னா, பல்லைப் பிடுங்கக் கொடுத்தவன் மாதிரி அலறுறான்!"

தடியன் என்றது அவருடைய சின்ன மகனை. அவன்தான் பாடகன்.

எதிர்வீட்டுக்காரர் விறுவிறுவென்று வந்தார். நாக்கு நுனியில் ஏதோ சூடாகத்தான் வைத்திருந்தார். மாமனாருக்கு மூச்சு வாங்குவதைப் பார்த்ததும் அதை அப்படியே விழுங்கிவிட்டார்.

"விடுங்க சார், சின்னஞ்சிறுசுங்க. உங்க உடம்பு என்னத்துக்கு ஆகும்?"

"எனக்கு வாய்ச்சது இப்படி சார்!"

தினமும் சாயங்காலம் இதே கூத்துதான்.

'இரும்புத் தொட்டில்' என்ற அந்த இசைக்குழுவை எந்தப் பாட்டுக் கம்பெனியும் சீந்தவில்லை. அது பிறந்த கதையே வேடிக்கை. ராத்திரி பகல் பார்க்காமல் அழுத குழந்தையை அடக்க, வாஷிங் மெஷின் மூடியில் தாளம் போட்டாள் மருமகள். வேலை போன கடுப்பில் இருந்த கொழுந்தன், தாளத்துக்கு ஏற்றாற்போல் அடிவயிற்றிலிருந்து கத்தினான். குழந்தை கப்சிப்!

அப்புறம் கிடாரோடு சலூன்காரத் தம்பி 'கத்தரி' வந்தான். பேஸ் கிடாரோடு, வீடு வீடாகக் கரண்ட் கணக்கெடுக்கும் 'மீட்டர்' வந்தான்.

"இதுக்குப் பேரு போஸ்ட் ஹார்ட்கோர், அக்கா. கத்தவும் கத்தணும், உருகவும் உருகணும்" என்றான், வெளிநாட்டுப் பாட்டாகக் கேட்டு வளர்ந்த கத்தரி.

"அதைத்தானேடா வீட்டுல தினமும் பண்றேன்" என்றாள் இவள்.

மீட்டருக்குக் குரு, போகிற இடமெல்லாம் அவனைத் துரத்தும் நாய்கள்; அதுகளின் உறுமல்தான் அவன் பேஸ். இவளுக்கு வாஷிங் மெஷின். துணி பிழியும்போது அது போடும் ஆட்டத்தை அப்படியே டிரம்ஸில் கொண்டுவந்துவிடுவாள்.

ஏற்கெனவே இரண்டு இடத்திலிருந்து அக்கம்பக்கத்தார் விரட்டியாயிற்று. கடைசியில் புருஷன் தன் ஸ்கூட்டரை வாசலில் நிறுத்திக்கொண்டு ஷெட்டை விட்டுக்கொடுத்தான். இதுவும் போனால் ஞாயிற்றுக்கிழமை நடக்கும் பாட்டுப் போட்டியை மறந்துவிட வேண்டியதுதான்.

புதுப் பாட்டோ பாதியில் நின்றது. நடுவில் எல்லா வாத்தியமும் சட்டென்று ஓய வேண்டும். அந்த அமைதியில் என்ன வருவது? மண்டையை உடைத்துக்கொண்டார்கள்.

மறுநாள் ஒத்திகையில் பாட்டின் அந்த இடம் வந்தது. வாத்தியங்கள் ஓய்ந்தன.

"நிறுத்தப் போறீங்களா இல்லையா?" என்றது தெருவிலிருந்து ஒரு குரல்.

இவள் கை தானாக இறங்கியது. டம்!

"இல்லை!" என்று அலறினான் கொழுந்தன்.

நாலு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அண்ணி, கிடைச்சிருச்சு!"

"டேய், உங்கப்பா வையறதைப் பாட்டுல வெச்சா, நாளைக்கு வீட்டுக்குள்ள விடுவாரா?"

"ஜெயிச்சுட்டு வந்தா விடுவார் அண்ணி."

ஞாயிற்றுக்கிழமை. அரங்கு நிறைந்த கூட்டம்.

"நிறுத்தப் போறீங்களா இல்லையா?" என்று கேட்டான் கொழுந்தன். கூட்டம் திகைத்தது. டம்!

இரண்டாவது தடவை கேட்டான். முன்வரிசை, "இல்லை!" என்றது.

மூன்றாவது தடவை, கைக்குழந்தையோடு வந்திருந்தவள்கூட எழுந்து நின்று, "இல்லை!" என்று கத்தினாள். கூரை பறக்காததுதான் பாக்கி. இவளுக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது. கை மட்டும் நிற்கவே இல்லை.

முதல் பரிசு!

"உங்களுக்கு முன்னோடி யாரு?" என்று கொழுந்தனிடம் மைக்கை நீட்டினார் ரேடியோக்காரர்.

"எங்கப்பா."

"அவரும் பாடகரா?"

"கண்டக்டர்."

அரங்கத்துக்காரர்களே கூப்பிட்டு, சத்தம் வெளியே போகாத அறை ஒன்றை இலவசமாகத் தருவதாகச் சொன்னார்கள். ஊருக்கு வெளியே, ஒரு கோடியில்.

மறுநாள் சாயங்காலம் மருமகள் மாமனார் முன்னால் போய் நின்றாள்.

"மாமா, இனிமே உங்களுக்குத் தொல்லை இல்லை. நாங்க வேற இடத்துக்குப் போறோம்."

"எங்கே?"

சொன்னாள்.

"அவ்வளவு தூரமா? குழந்தையை விட்டுட்டா?" அவர் பதறிப்போனார். "ஷெட்டுக்கு என்னம்மா கேடு?"

"நீங்கதான் தினமும் தெருவுல நின்னு மானத்தை வாங்கறீங்களே மாமா!"

மாமனார் எழுந்தார். ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். திரையை இழுத்துவிட்டார். ஜன்மத்தில் இறங்காத அந்தக் குரல் இறங்கியது.

"அட அசடு! முதல் நாளே எதிர்வீட்டுக்காரர் போலீஸுக்குப் போறேன்னு செருப்பை மாட்டிட்டுக் கிளம்பிட்டார். சட்டுனு அவருக்கு முன்னாடி நான் கத்திட்டேன். வீட்டுப் பெரியவனே கத்தறப்போ அவர் எங்கே கத்தறது? எனக்கு ஆறுதல் சொல்லிட்டுப் போயிட்டார்."



வெளியே எதிர்வீட்டு கேட் கிரீச்சிட்டது.

மாமனார் அவசரமாகப் பேத்தியைத் தூக்கி இடுப்பில் வைத்தார். குல்லாவைக் காதுவரை இழுத்துவிட்டார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"இன்னும் என்ன நின்னுட்டிருக்கே? அவர் ஆபீஸ்லேர்ந்து வந்தாச்சு. போய் வாசிக்க ஆரம்பிம்மா, நான் திட்டணும்!"