டெய்லரம்மாவின் அறுபது நிமிடம்

அன்று காலை டயாலிசிஸ் அறையில் இருந்தது ஒன்பது பேர். நோயாளிகள் நாலு பேர், துணைக்கு வந்தவர்கள் மூன்று பேர், ஒரு நர்ஸ், தண்ணீரைச் சுத்திகரிக்கும் மெஷினைப் பார்த்துக்கொள்ளும் ஆபரேட்டர். நாலாவது நாற்காலி டெய்லரம்மாவுக்கு மட்டும் துணை கிடையாது. தனியாக பஸ்ஸில் வந்து போகிறவர்.

நாலு மணி நேரச் சிகிச்சை ஆரம்பித்து ஒரு மணி நேரம் இருக்கும். ஆபரேட்டர் கையைப் பிசைந்துகொண்டு வந்து நின்றார்.

"மெயின் குழாய் உடைஞ்சு ராத்திரியிலேர்ந்து தண்ணி வரலை. தொட்டியில இருக்கிற சுத்தத் தண்ணி நாலு பேருக்கும் சரியா இருக்கும்னு பார்த்துட்டுத்தான் ஆரம்பிச்சேன். இப்ப முப்பது லிட்டர் குறையுது."

"குறையுதுன்னா?" முதல் நாற்காலிப் பக்கத்திலிருந்து வாத்தியார் எழுந்தார். நாற்காலியில் அவர் மனைவி.

"ஒரு மெஷினுக்கு மணிக்கு முப்பது லிட்டர் சார். யாராவது ஒருத்தர் ஒரு மணி நேரம் முன்னாடியே முடிச்சுக்கணும்."

"இல்லேன்னா ஆளுக்குக் கால் மணி குறைச்சுக்கலாம்" என்றார் நர்ஸ்.

"எங்க அத்தைக்கு ஒரு நிமிஷம்கூடக் குறைக்கக் கூடாது" என்றாள் இரண்டாவது நாற்காலிக்குத் துணையாக வந்த மருமகள்.

"எங்கண்ணன் என்ன பாவம் பண்ணினார்?" என்றார் மூன்றாவது நாற்காலிக்குத் துணையாக வந்த கடைக்காரர்.

வாத்தியாருக்கு அநியாயம் என்றால் பொறுக்காது. "ஏம்பா, முப்பது லிட்டர் றெக்கை முளைச்சுப் பறந்துடுச்சா? யாருக்கு வித்தே?"

"சத்தியமா இல்லை சார்! லாரித் தண்ணிக்குச் சொல்ல ஆபீஸ் வரைக்கும் போனேன். தொட்டி இருக்கிற பின்னறைக் கதவைப் பூட்டாமப் போனதுதான் என் தப்பு."

"அப்ப எடுத்தவனைப் பிடி. தண்ணியை வாங்கித் திரும்ப ஊத்து!"

"கேன்ல, குடத்துல பிடிச்ச தண்ணியை ரத்தத்துக்குப் பக்கத்துல விட முடியாது சார். எடுத்தது எடுத்ததுதான். லாரியும் சாயங்காலம்தான் வருமாம்."

"உசுரோட விளையாடறீங்களா? புகார் எழுதி உன் சீட்டைக் கிழிக்கறேன் பாரு!"

சத்தம் தாங்காமல் டெய்லரம்மா வாயைத் திறந்தார். "நான் முன்னாடியே எந்திரிச்சுக்கறேன் சிஸ்டர். சண்டை வேணாம்."

"உங்களுக்குத்தான்மா நீர் அதிகமா கோத்திருக்கு. காலைப் பாருங்க. ராத்திரி படுத்தா மூச்சு முட்டும்."

"படுத்தாத்தானே? உக்காந்துக்கிட்டே தூங்கறேன். தையல் மிஷின்ல தூங்கின உடம்புதானே."

வாத்தியார் கொதித்துப்போனார். "பார்த்தியா! கேக்க ஆளில்லாத பொம்பளை தலையிலதான் எல்லாம் வந்து விடியுது. மனசாட்சி வேணாம்?"

மற்ற இருவரும் பலமாகத் தலையாட்டினார்கள். யாரும் கால் மணி தருவதாகச் சொல்லவில்லை.

மூன்றாவது மணி முடிந்ததும் நர்ஸ் ஊசியை எடுத்தார். டெய்லரம்மா பஞ்சை அழுத்திப் பிடித்தபடி வீங்கின காலை இழுத்து இழுத்து நடந்தார். முதல் நாற்காலி அருகே வந்தபோது வாத்தியாரின் பை காலில் தடுக்கியது.

களுக்!

பை சாய்ந்தது. உள்ளேயிருந்து வெள்ளைக் கேன் ஒன்று எட்டிப் பார்த்தது.

ஆபரேட்டர் கேனைப் பார்த்தார். பிறகு வாத்தியாரைப் பார்த்தார்.

"இன்வர்ட்டர் பேட்டரிக்கு... சுத்தமான தண்ணியாச்சேன்னு..." வாத்தியார் பையை நிமிர்த்தி வைத்தார். "ஒரே ஒரு கேன்ப்பா. பத்து லிட்டர்தான். முப்பதுக்கு நானா பொறுப்பு?"

துணைக்கு ஆள் தேடி அவர் திரும்பினார்.

கடைக்காரர் தன் பையைக் குதிகாலால் நாற்காலிக்கு அடியில் தள்ளிக்கொண்டிருந்தார். களுக் என்றது. மருமகள் அவசரமாகத் தன் பையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டாள். அதுவும் களுக் என்றது.

டெய்லரம்மா பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று கிளம்பிவிட்டார்.

நாலாவது மெஷினின் திரையில் மிச்ச நேரம் அப்படியே நின்றிருந்தது: அறுபது நிமிடம்.