அடுப்படிச் சாலை

தூத்துக்குடியில் தன் குடியிருப்பின் சந்துகளையெல்லாம் கால் கடுக்க நடந்து, யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய இணைய வரைபடத்தில் ஏற்றியவள் ஜெசிந்தா. எல்லாம் ஊருக்காகத்தான். பிறகு வரைபடம் போடும் ஒரு கம்பெனிக்காரர்கள் வந்து, "அக்கா, இனி நாம சேர்ந்தே போடுவோம்" என்றபோது அவளுக்குப் பெருமை பிடிபடவில்லை.

இன்று காலை வரைபடத்தைத் திறந்தவள் சிரித்துவிட்டாள். கம்பெனி வரைந்திருந்த புதுச் சாலை அவளுடைய அடுப்படி வழியாக நேரே கடற்கரைக்குப் போனது.

"இங்கே சாலை இல்லை, என் வீடு இருக்கிறது. வரைபடமும் தரையும் பொருந்தவில்லை" என்று எழுதி, வீட்டைப் படமெடுத்தும் அனுப்பினாள். உடனே பதில் வந்தது: "மிக்க நன்றி அக்கா. மதியத்துக்குள் சரிசெய்துவிடுகிறோம்."

"பாத்தீங்களா, நான் சொன்னா உடனே கேக்காங்க" என்றாள் புருஷன் ரீகனிடம்.

மீன் குழம்பு கொதி வரும் நேரத்தில் வாசலிலிருந்து ரீகன் கத்தினான். "ஏட்டி, இங்க வா! ஆளே இல்லாம ஒரு புல்டோசர் வருது!"

ஈரக்கையோடு ஓடிவந்தாள். வண்டியின் நெற்றியில் எழுத்துகள் ஓடிக்கொண்டிருந்தன: "வரைபடத்தோடு பொருந்தாத வீடு அகற்றப்படுகிறது. தகவல் தந்து உதவிய தன்னார்வலர் ஜெசிந்தாவுக்கு நன்றி."