ஆணியில் தொங்கும் சாவி

"கதவு பூட்டிக்கிச்சுங்க. மாத்துச் சாவி உள்ள ஆணியில தொங்குது" என்று மனைவி அலைபேசியில் சொன்னதும், மருத்துவமனையின் கணினிப் பிரிவுத் தலைவருக்குச் சிரிப்புப் பொங்கியது.

"மாத்துச் சாவிய யாராவது உள்ளயே வெப்பாங்களா? என்னைப் பாரு. ஒரே கிளவுட்ட நம்பாம நோயாளிங்க ரிப்போர்ட்ட ரெண்டு கம்பெனியில வெச்சிருக்கேன். ஒண்ணு கவுந்தா இன்னொண்ணு நிக்கும். போ, பூட்டுக்காரரைக் கூப்பிடு."

இணையத்தில் தகவல்களைச் சேமித்துத் தரும் அவ்விரு கிளவுட் நிறுவனங்களையும் தேர்ந்தெடுக்க அவர் ஆறு மாதம் தவங்கிடந்தவர்.

பேசி முடித்த அரை மணி நேரத்தில் உதவிப் பொறியாளர் பதறியபடி வந்தாள்.

"சார், முதல் கிளவுட் படுத்துடுச்சு! அறுபது பேர் ரிப்போர்ட்டுக்கு நிக்கிறாங்க."

"இதுக்குத்தானேம்மா ரெண்டாவது? திற."

"ஓடிபி கேக்குது சார்."

"எங்க வரும்?"

"நம்ம ஆபீஸ் மெயிலுக்கு."

"அப்போ மெயிலைப் பாரு."

"மெயில் முதல் கிளவுட்லதான் சார் இருக்கு. நீங்கதான் அங்க வெக்கச் சொன்னீங்க."

தலைவர் அலைபேசியை எடுத்து மனைவியை அழைத்தார்.

"பூட்டுக்காரர் வந்துட்டாரா?"

"வந்து திறந்தும் குடுத்துட்டார். ஏன்?"

"போனைக் கொஞ்சம் அவர்கிட்ட குடு."